மனமென்னும் நாழிகை வட்டில்

நண்பரொருவரை எதிரில் உட்காரவைத்து, இருமுறை கைதட்டுங்கள். இரு தட்டுகளுக்கும் நடுவே எவ்வளவு அவகாசம் இருந்ததோ, அதே அவகாசம் விட்டுத் திரும்பத் தட்டும்படி அவரைக் கேளுங்கள். குறுகியதும் நீண்டதுமாகப் பலவற்றைக் கலந்து கொடுத்தால் ஒரு விநோதம் வெளியாகும். குறுகியதை அவர் நீட்டுவார், நீண்டதைக் குறுக்குவார். நடுத்தரமானதில் மட்டும் பெரும்பாலும் பிழை இராது.

இவ்வுண்மையை எடுத்துரைத்தவர் ஜெர்மனியில் டூபிங்கன் சர்வகலாசாலையின் பேராசிரியராயிருந்த கார்ல் ஃபியரோர்ட். 1868-ம் ஆண்டில் காலவுணர்வைப் பற்றி அவர் வெளியிட்ட நூலிலிருந்து இது அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்கி வருகிறது.

காரணம் யாது? நம் மண்டைக்குள் ஒரு கடிகாரம் பழுதுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாகாது. கடிகாரம் பழுதானால் எப்பொழுதும் ஒரே பக்கமாகவன்றோ தவறும்? தராசு ஆடும்பொழுது அநுபவமுள்ள வியாபாரி முள்ளை மட்டும் நம்புவதில்லை. இத்தகைய மூட்டை வழக்கமாக என்ன நிறை நிற்கும் என்பதையும் சேர்த்தே மதிப்பிடுகிறான். மனமும் அவ்வாறே செய்கிறது. தன் அளவை துல்லியமற்றதாகையால், இதுகாறும் கண்ட அவகாசங்களின் சராசரியைத் துணைக்கழைக்கிறது. புதிதாக வருவதை அதன் பக்கம் சற்றே இழுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஜஸயேரி, ஷாட்லென் என்ற இருவர் 2010-ம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இதற்குத் தக்க சான்று. ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் 847 கூறாகும் ஓர் அவகாசத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். குறுகியவற்றின் நடுவே வைத்தபொழுது அதுவே எல்லாவற்றிலும் நீண்டது. நீண்டவற்றின் நடுவே வைத்தபொழுது அதுவே குறுகியது. முன்னதில் ஜனங்கள் அதைக் குறைத்தும், பின்னதில் கூட்டியும் காட்டினர். அவகாசம் ஒன்றே, கூட்டு மாறிற்று, கணிப்பும் மாறிற்று. இவ்வழியால் தனித்தனியே பிழை நேர்ந்தாலும் மொத்தப் பிழை குறைகிறது. ஆகவே இது மூடத்தனமன்று, ஒருவகைச் சிக்கனம்.

ஆயினும் ஓர் இடத்தில் இச்சிக்கனம் விபரீதமாகக் கூடும். "சண்டை எவ்வளவு நேரம் நடந்தது?" என்று நியாயஸ்தலத்தில் கேட்கிறார்கள். சாட்சி சொல்லும் நிமிஷக் கணக்கில் ஒருவன் சுதந்திரமே தொங்குகிறது. 1987-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 30 வினாடியே ஓடிய வங்கிக் கொள்ளைப் படத்தைப் பார்த்தவர்கள், அது சராசரியாகச் சுமார் இரண்டரை நிமிஷம் ஓடியதாகச் சொன்னார்கள். பரபரப்பு முதலிய வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். எனினும் அவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதே கவனிக்கத் தக்கது.

ஆதலால், நிமிஷக் கணக்குத் தவறியதற்காக மட்டும் சாட்சியைப் பொய்யனென்று தள்ளுவது அநீதி. அக்கணக்கையே நம்பி ஒருவனைச் சிறைக்கனுப்புவது அதனினும் பெரிய அநீதி. "எவ்வளவு நேரம்?" என்று கேட்பதை விட, அதற்குள் என்னென்ன நடந்தன, யார் எதுவரை நடந்தார்கள் என்று கேட்டறிவதே நேரிய முறை. விசாரிப்பவர் இதை மறவாதிருக்க வேண்டும். "எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது" என்று அடித்துச் சொல்லும் நாமும் மறவாதிருக்க வேண்டும்.