திரையில் தெரியாத பாறை

2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகப் பாய்மரப் போட்டியில் கேப்டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் மோதியது. படகின் தலைவர் ஆஸ்திரேலியரான கிறிஸ் நிக்கல்சன். ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். படகில் ஜிபிஎஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு திட்டு இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. மின்னணு வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தபோது திட்டு திரையிலிருந்து மறைந்திருந்தது. போதுமான அளவுக்குப் பெரிதாக்கி அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

சிட்னியிலும் மெல்பர்னிலும் சின்னப் படகு வாங்கும் நம்மவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். வென்ட்வொர்த்வில்லிலோ டாண்டினாங்கிலோ வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரில் நிற்கும் நாலரை மீட்டர் அலுமினிய ‘டின்னி’க்கு கடல் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் சார்ட்பிளாட்டர் தேடும்போது, பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன: திரை எத்தனை அங்குலம்? எத்தனை மீட்டர் துல்லியம்? இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. முதலில் வரைபடம், பிறகு வெயிலும் ஈரக் கையும், அதன் பிறகு மின்சாரம். இதுதான் என் வரிசை.

துல்லியம் பற்றிய கவலையை முதலிலேயே தீர்த்துவிடலாம். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த காலம் 2000 மே 2 அன்று முடிந்தது. அதுவரை நூறு மீட்டர் வரை இருந்த பிழை, திறந்தவெளியில் சில மீட்டர்களாகச் சுருங்கியது. 2022 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் சவுத்பான் சேவை, அதை ஏற்கும் கருவிகளுக்கு இன்னும் திருத்தமான இடத்தைத் தருகிறது. டின்னிக்கு இது போதும்.

ஆனால் ஆஸ்திரேலியாவே நகர்கிறது. இந்தக் கண்டம் ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கு-வடகிழக்காகப் போகிறது; 1994இல் வகுத்த நில அளவை அடிப்படைக்கும் 2020இன் அடிப்படைக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் வேறுபாடு. மீன் பிடிப்பவருக்கு அது பொருட்டில்லை. அதற்கும் முந்தைய, 1966 அடிப்படையில் அமைந்த பழைய வரைபடமும் ஆயங்களும்தான் தொல்லை. அவற்றுக்கும் இன்றைய ஜிபிஎஸ்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 200 மீட்டர் விலகல் உண்டு. மீன் நிற்கும் இடங்களின் எண்களை யாராவது மூத்தவர் பழைய நோட்டிலிருந்து எழுதித் தந்தால், எந்த அடிப்படையில் எடுத்தது என்று கேட்டுவிட்டு, கருவியின் அமைப்பில் டேட்டம் என்ற இடத்தைச் சரிபாருங்கள். கைக்கருவிகளில் இதை மாற்ற முடியும். யாரோ மாற்றி வைத்த பழைய கருவியை வாங்கினால் அந்தப் பிழையும் சேர்ந்து வரும்.

இப்போது வரைபடம். இந்த நாட்டின் அதிகாரபூர்வக் கடல் வரைபடங்களை வொல்லொங்கொங்கில் உள்ள ஆஸ்திரேலிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் வெளியிடுகிறது. நேவியோனிக்ஸ், சி-மேப் போன்ற நிறுவனங்கள் இத்தகைய அரசு அளவீடுகளைக் கொண்டு தங்கள் வரைபடங்களைத் தயாரிக்கின்றன. வாங்குபவர் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஜிபிஎஸ் உள்ள எல்லாக் கருவியும் சார்ட்பிளாட்டர் ஆகிவிடாது. கார்மினின் ஸ்ட்ரைக்கர் வரிசை ஃபிஷ் ஃபைண்டரில் ஜிபிஎஸ் உண்டு, இடங்களைக் குறித்து வைக்கலாம். கடல் வரைபடம் ஏற்ற முடியாது. அதே நிறுவனத்தின் எக்கோமேப் வரிசையில் ஏற்றலாம். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கருவிக்குள் அமெரிக்கக் கரையோர வரைபடம் மட்டும் இருக்கலாம். ஆஸ்திரேலிய வரைபடத்தைத் தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். பெட்டியைத் திறக்கும் முன்பே கடைக்காரரிடம், “வெஸ்டர்ன்போர்ட்டைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

வெஸ்டர்ன்போர்ட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெல்பர்னுக்குத் தென்கிழக்கே சுமார் 680 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த விரிகுடாவில், கடல் வற்றும்போது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சேறாகிவிடும். கிழங்கான் இனமான கிங் ஜார்ஜ் வைட்டிங்குக்குப் பெயர்பெற்ற நீர் அது. காலையில் போன வழியில் மதியம் திரும்ப முடியாமல் போகலாம். எங்கே வற்றும், எங்கே ஓடை நீளும் என்பதைத் திரையில் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பதே அந்தக் கருவிக்கான சோதனை. வரைபடத்தில் உள்ள ஆழ எண், கடல் மிகவும் தாழ்ந்திருக்கும் நிலையைக் கொண்டு கணக்கிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். சிட்னிக்குத் தெற்கே போர்ட் ஹாக்கிங் போன்ற இடங்களில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடம் அதற்குப் பின்னாலேயேதான் வரும். ஆற்று முகத்துவார மணல்திட்டைக் கடக்கும்போது எந்தத் திரையையும் நம்பாமல் அலையைப் பாருங்கள்.

அடுத்தது கருவியின் வகை. கைபேசிச் செயலி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் பாதை திட்டமிட அது அருமையானது. படகில், உப்புத்தண்ணீர் தெறித்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. ஜனவரி வெயிலில் கைபேசி சூடேறித் தானே அணைந்துவிடும். அவசரத்துக்கு அழைக்க வைத்திருக்கும் அதே பேட்டரியை வரைபடம் தின்னும். இரண்டாவது வழி, ஐந்து அங்குலப் பிளாட்டர் ஒன்றைச் சிறு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியுடன் பெட்டியில் பொருத்தித் தூக்கிப்போவது. கணக்கு எளிது: ஒரு ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு மணி நேரத்துக்கு மேல் வராது. சென்சாரை உறிஞ்சு கிண்ணத்தால் படகில் ஒட்டி ஆழமும் மீனும் பார்க்கலாம் என்பதால், அலை குறைந்த உள்நீரில் ஸ்னாப்பர் பிடிப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு.

மூன்றாவது வழி, கைக்கருவி. கார்மினின் ஜிபிஎஸ்மேப் 79, 86 வரிசைகள் தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், பொத்தான்களால் இயங்குபவை, திரை மூன்று அங்குலம். 79 இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், 86 உள்ளேயே மின்னேற்றம் செய்வது. திறந்த டின்னியில் கடலுக்குப் போகும் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கருவியைச் சொல்லச் சொன்னால், பொத்தான் உள்ள, மிதக்கும், ஏஏ பேட்டரி போடும் வகையைத்தான் சொல்வேன். ஏஏ பேட்டரி எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். திரை சிறியதுதான், அதனாலேயே பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் கட்டாயமாகும். கார்கடோஸ் கராஜோஸை எண்ணும்போது அதைக் குறையாக என்னால் சொல்ல முடியவில்லை.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். மீன்பிடிக்கும்போது போடும் போலராய்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருவியை வாசலுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருளில்லை.

கருவி இல்லாமலும் வழி காணத் தெரிய வேண்டும். மெல்பர்னின் போர்ட் பிலிப் விரிகுடாவின் வாய், லான்ஸ்டேல் முனைக்கும் நேப்பியன் முனைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் அகலம். இருபுறமும் பாறை நீண்டிருப்பதால் பாதுகாப்பான வழி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ‘தி ரிப்’ என்ற அந்த நீரோட்டம் எத்தனையோ கப்பல்களை விழுங்கியிருக்கிறது. குவீன்ஸ்கிளிஃபில் ஒரு கறுப்புக் கலங்கரை விளக்கமும் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் கப்பல் சரியான வழியில் வருகிறது. கன்னியாகுமரிக் கட்டுமரக்காரர்களும் இதே கணக்கில்தான் ‘பார்’ என்ற கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடித்தார்கள்: மாதா கோயில் கோபுரத்தையும் பின்னால் உள்ள மலைமுகட்டையும் நேராக்கி ஒரு கோடு, வேறு இரண்டு அடையாளங்களால் இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. இந்த அறிவை நாம் கைவிடக் கூடாது. நீங்கள் அடிக்கடி போகும் இடத்துக்கு இப்படி இரண்டு கோடுகளைக் கண்ணால் பழகி வைத்திருந்தால், கருவி அணைந்தாலும் கரை தெரியும்வரை வழி தெரியும்.

வரைபடத்தில் எல்லைகளும் முக்கியம். 2002இல் விக்டோரியா 13 கடல் தேசியப் பூங்காக்களை அறிவித்தது. போர்ட் பிலிப் வாயில் உள்ளது துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதால், அறியாமல் உள்ளே தூண்டில் போட்டு அபராதம் கட்டுவது எளிது. எந்தக் கருவியும் சொல்லாத எல்லை ஒன்று சிட்னியில் உண்டு: ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனை, டையாக்ஸின் மாசு காரணமாக, சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. நம்மில் பலர் வாழும் பாரமட்டா ஆற்றங்கரை முழுவதும் அந்தப் பக்கம்தான்.

வானொலியில் இடத்தைச் சொல்லவும் பழகுங்கள். 50.30 நிமிடம் என்று திரையில் இருப்பதை 50 நிமிடம் 30 விநாடி என்று சொன்னால் தேடி வருபவர் 370 மீட்டர் தள்ளிப் போவார். இருட்டில் அது பெரிய தூரம். நியூ சவுத் வேல்ஸில் புறப்படும்போது கடல் மீட்பு அமைப்பான மரைன் ரெஸ்க்யூவிடம் செயலியிலோ விஎச்எஃப் ரேடியோவிலோ பதிவுசெய்யலாம், கட்டணம் இல்லை.

சார்ட்பிளாட்டர் உங்களுக்கு வழி சொல்லும், உங்களுக்காக உதவி கேட்காது. சாட்டலைட் வழி செய்தி அனுப்பும் சில கைக்கருவிகளுக்கும் மாதச் சந்தா வேண்டும். கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு அப்பால் போனால் ஈ-பெர்ப் என்ற அவசர ஒலிபரப்பி நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரு மாநிலங்களிலும் கட்டாயம். ஆகவே பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஈ-பெர்ப் வாங்குங்கள், பிளாட்டர் அடுத்த ஆண்டு வரட்டும். வாங்கியதும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் உங்கள் பெயரிலும் வீட்டார் தொலைபேசி எண்ணிலும் பதிவுசெய்யுங்கள். பதிவு இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.