வீட்டுக்கு வீடு மாற்றலாமா?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம், அம்மா உங்களுக்கு எழுதி வைத்த வாடகை வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். திருச்சியிலுள்ள தம் வீட்டைக் கொடுத்து அதை வாங்கிக் கொள்ள ஒருவர் வருகிறார். "ஓர் அம்மன் காசுகூடக் கை மாறவில்லையே, வரி எதற்கு?" என்பார் உங்கள் வீட்டுக்காரர்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, சகோதரிகளே! பரிவர்த்தனையும் விற்பனை போலத்தான். அன்று 10 லட்சம் அடக்கமான வீட்டுக்கு இன்று 50 லட்சம் பெறுமான வீடு வந்தால், ஆதாயம் 40 லட்சம்.

முதலீட்டு மனையை மாற்றிக் கொள்கிறவர் வரியைத் தள்ளிப்போட அமெரிக்காவில் 1921 முதலே வழியுண்டு. நம் வழி வேறு. இரண்டு வருஷத்துக்கு மேல் உங்களிடமிருந்த வீடானால், அதன் ஆதாயம் முழுவதும் இன்னொரு குடியிருப்பு வீட்டுக்குள் போய்விட வேண்டும்; வெறும் மனை போதாது. விற்றுப் பணமாக வாங்கினால், புது வீடு வாங்க 2 வருஷம், கட்ட 3 வருஷம் கெடு. வரிக் கணக்குக் கொடுக்கும் தேதி முந்திக் கொண்டால், மீதப் பணத்தை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' திறந்து போடுங்கள். அஞ்சறைப் பெட்டியும் சேமிப்புக் கணக்கும் இதற்கு உதவா! புது வீட்டை 3 வருஷத்துக்குள் விற்றாலோ, விட்ட வரி திரும்பி வரும்.

"புது வீட்டைப் பிள்ளை பெயரில் எழுதிவிடலாமே" என்று யாராவது சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். அதனால் சலுகையை இழந்து கோர்ட்டு ஏறியவர்கள் உண்டு. விற்றது உங்கள் வீடு. வாங்குவதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.