மரண அத்தாட்சிப் பத்திரம்: எழுதுவது யார், வாசிப்பது யார்?

எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு வீட்டிலேயே மௌத்தானார். அன்று அஸருக்கு முன் நல்லடக்கமும் முடிந்துவிட்டது. பள்ளிவாசல் பதிவேட்டில் பெயரும் திகதியும் உடனே எழுதப்பட்டன. அது போதும் என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தோம். ஐந்து மாதம் கழித்து, வங்கியில் அவர் விட்டுச்சென்ற சிறு தொகையை எடுக்கப் போனபோது மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். அப்போதுதான் விளங்கியது: அரசாங்கத்தின் கணக்கில் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார். வாப்பும்மா இத்தாவையே முடித்திருந்தார்!

அதன் பிறகு வாப்பாவோடு நானும் அலுவலகங்களுக்குப் போய் வந்தேன். போகப் போக, இந்த ஒரு தாளுக்குப் பின்னால் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நம் வீடுகளில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அபசகுனம் என்று நினைப்பவர்களும் உண்டு.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கி, 1897 இலிருந்து கட்டாயமானது. இப்போது நடைமுறையில் இருப்பது 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பொறுப்பு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு. வீட்டில் ஒருவர் இறந்தால் உறவினர் கிராம சேவகரிடம் அறிவித்து, அவருடைய அறிக்கையோடு அந்தப் பிரிவின் பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும். வைத்தியசாலையில் இறந்தால் வைத்தியர் காரணத்தை எழுதித் தருவார். திடீர் மரணமென்றால் மரண விசாரணை அதிகாரி வருவார். மூன்று மாதம் கடந்துவிட்டால் விஷயம் வேறு: சத்தியக் கூற்றும் மற்ற ஆதாரங்களும் சேர்த்து, பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவாக விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கச் சொல்கிறது மார்க்கம். ஆனால் அடக்கிவிட்டு அதே வாரம் பதிவாளரிடம் போவதை மார்க்கமும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. நாங்கள்தான் மறந்தோம்.

தோட்டங்களுக்கு இந்தச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. நோர்வூட் பஸாரில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு இது தெரியாது. டியூஷனுக்கு என்னோடு வரும் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்துக்குள் ஒரு மரணம் நடந்தால் அதைத் தோட்டத் துரைக்கு அறிவிக்க வேண்டும். அவர்தான் மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். லயத்திலிருந்து பட்டணத்துக்கு வருவதே பெரும் பயணமாக இருந்த காலத்தில் இது வசதியான ஏற்பாடுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒருவருக்குப் பெயர் போட்டவரும், சம்பளம் போட்டவரும், கடைசியில் அவர் இறந்ததைச் சொல்பவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், மரணப் பதிவில் மூன்றாவது பெயர் என்றால் குடும்பம் என்ன செய்யும்? தோழியின் பாட்டிக்கு நடந்தது இது. ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணம் என்று எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கொழுந்து பறித்த கை ஒன்றுதான், எழுத்துத்தான் மூன்று.

தாள் இல்லாததன் வலி மலையகத்துக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அதைக் காட்ட முடியாமல் நாடற்றவர்களானவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர்!

உடலே கிடைக்காவிட்டால்? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் கொண்டுபோனவர்களின் மரணத்தைப் பதிய 2005 இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. யுத்தத்தில் காணாமற்போனவர்களுக்காக 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லையென்றால் மரணமாகப் பதியலாம் என்றது அது. ஆனால் எத்தனையோ தாய்மார் அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள். கையெழுத்துப் போட்டால் மகன் இறந்துவிட்டான் என்று தாமே சொன்னதாகிவிடும் அல்லவா? 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்று சேர்ந்தது. இறந்தார் என்று சொல்லாமலே குடும்பத்தின் காரியங்களைப் பார்க்க உதவுவது. அந்தத் தாய்மாரின் மறுப்பைச் சட்டம் கொஞ்சமாவது காதில் வாங்கியது என்றே நினைக்கிறேன்.

இனி, வாசிப்பவர்களைப் பற்றி. நம் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர், வயது, பெற்றோர், தொழில் மட்டுமல்ல, இனமும் உண்டு. இறந்த பிறகும் இலங்கைச் சோனகரா, இந்தியத் தமிழரா என்று ஒரு கட்டம் கேட்கிறது. அதற்கும் கீழே, மரணத்துக்கான காரணம். கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் பிரதி பெறலாம். அதை நாம் பள்ளிக்கூடம், வங்கி, உதவிப் பணம் கொடுக்கும் இடம் என்று எல்லா மேசையிலும் வைக்கிறோம்.

அதே தோழி, அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன், ஓர் உதவித் திட்டத்துக்குத் தகப்பனின் பத்திரப் பிரதியைக் கொடுத்தாள். மேசையில் இருந்தவர் காரணம் எழுதிய கட்டத்தைச் சத்தமாக வாசித்தார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்து வருடம் அவளுடைய அம்மா அயலுக்குச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது தகப்பன் இல்லை என்பது மட்டும்தான். எப்படி இல்லாமற்போனார் என்பது எதற்கு?

இது நடக்காமல் செய்ய முடியாதது அல்ல. இந்தியாவின் 1969 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, மரணப் பதிவின் பிரதியை யார் கேட்டாலும் கொடுக்கலாம், ஆனால் அதில் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பதிவேட்டில் காரணம் இருக்கும், கையில் வரும் தாளில் இருக்காது. நோய்களைப் பற்றிய புள்ளிவிவரம் எடுப்பவர்களுக்குக் காரணம் தேவை, நிதி கொடுப்பவருக்குத் தேவையில்லை. நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தரவுக்குரியவர் என்பதில் உயிரோடு இருப்பவரோடு இறந்தவரையும் அது சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம்கூட இறந்தவருக்குப் பொருந்தாது. அப்படியிருக்க, இறந்தவரின் நோயும் துயரமும் எல்லாப் பிரதியிலும் அச்சாகி வருவதை மாற்ற நமக்குத் தடை என்ன? காரணம் இல்லாத ஒரு சுருக்கப் பிரதி தந்தாலே போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். வீட்டில் மரணம் நடந்தால், வந்திருப்பவர்களில் ஒருவரைக் கிராம சேவகரிடம் அனுப்புங்கள். பெயரை அடையாள அட்டையைப் பார்த்தே சொல்லுங்கள், வாயில் வருவதுபோலச் சொல்லாதீர்கள். பத்திரம் கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு கட்டத்தையும் வாசியுங்கள்.

நாங்கள் வாசிக்கவில்லை. அப்பாவின் பத்திரம் போன மாதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், வாப்பும்மா காட்டித்தான் கண்டுகொண்டோம், அப்பாவின் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்த விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வாப்பா மறுபடி போகிறார்.