பொதிகைக்கு உரியவர் யார்? காணிகளின் வழிபாடும் பௌத்தமும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் நடக்கும் இந்த உரையில் காணிகளைப் பற்றிப் பேச விரும்பினேன். குலசேகரத்துக்குப் பக்கத்தில்தான் பேச்சிப்பாறை. அதற்கு மேலே தச்சமலை, மோதிரமலை என்று அவர்களது குடியிருப்புகள். ஆனாலும் நம் கூட்டங்களில் காணிகளைப் பற்றிய பேச்சு, "அவர்களும் ஆதியில் பௌத்தர்கள்தான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்.

ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல அது. 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி யுவான் சுவாங், மலயமலைக்குக் கிழக்கே அவலோகிதேசுவரர் உறையும் போதலக மலையைக் குறிக்கிறார். அந்தப் போதலகம் நம் பொதிகைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசகா வாதிட்டார். சிதறால் மலையின் சமணக் கோயிலோடு பெயர் சேர்ந்த ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனே, பாலியம் செப்பேட்டின்படி, திருமூலபாதத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவன். பௌத்தம் மலையடிவாரம் வரை வந்திருக்கிறது. ஆனால் மலைமேல் வாழ்ந்தவர்கள் அதை ஏற்றார்கள் என்பதற்கு இவற்றில் எதுவும் சான்றாகாது.

காணிகளின் வழிபாட்டில் பிலாத்திதான் நடுவில் இருப்பவர். பூசாரியும் அவரே, மருத்துவரும் அவரே. ஊரில் யாருக்காவது நோய் என்றால் கொக்கரையை எடுப்பார். பல்வரிசை போல வெட்டிய இரும்புக் குழல் அது. இன்னொரு இரும்புக் கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள். அந்தக் கரகர ஒலியோடு இரவு முழுவதும் சாற்றுப்பாட்டு நடக்கும். மலைத் தெய்வங்களையும் இறந்த முன்னோரையும் பெயர் சொல்லி அழைத்து, நோய் யாரால் வந்தது என்று அறிந்து, போகச் சொல்வார்கள். பச்சிலையும் கொடுப்பார்கள். மருந்தும் பாட்டும் அவர்களுக்குத் தனித்தனி அல்ல. அகத்தியர் அவர்களுக்குக் குரு.

இதைக் கேட்டதும், பௌத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பகுத்தறிவாளர் கேட்பார். சம்பந்தம் இருக்கிறது. இலங்கைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நோய் தீர இரவு முழுவதும் பிரித் ஓதி, கையில் நூல் கட்டுகிறார்கள். தென்னிலங்கையின் சன்னி யகுமச் சடங்கில் நோய் தரும் 18 யக்கர்கள் முகமூடியோடு வந்து ஆடுகிறார்கள். புத்தரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நோயாளியை விட்டுப் போகிறார்கள். பேயை இல்லை என்று பௌத்தம் விரட்டவில்லை. புத்தருக்குக் கீழே ஓர் இடம் கொடுத்தது. விநயத்தில் ஒரு கதை உண்டு. ஒரு பிக்கு மரத்தை வெட்டுகிறார். அதில் குடியிருந்த தேவதை புத்தரிடம் முறையிடுகிறது. புத்தர் அதற்கு வேறு மரத்தைக் காட்டுகிறார். செடிகொடிகளை அழிப்பது பிக்குகளுக்குக் குற்றம் என்ற விதியும் பிறக்கிறது. ஒரு காணி மூப்பருக்கு இந்தக் கதையைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வேறுபாடு ஆழமானது. பௌத்தம் வீட்டைவிட்டு வெளியேறுவதில் தொடங்குகிறது. காணியின் நெறி இருக்கும் இடத்திலேயே இருப்பது. அவருடைய முன்னோர் மறுபிறவி எடுத்து எங்கோ போய்விடுவதில்லை, இதே காட்டில் இருக்கிறார்கள். ஆகவே காட்டை விட்டு இறக்கினால் அவருக்கு நிலம் மட்டும் போவதில்லை. பாபாசாகேப் 1956இல் நாக்பூரில் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில், சிராத்தமும் பிண்டமும் செய்யமாட்டேன் என்பதும் ஒன்று. பார்ப்பனப் புரோகிதத்தை மறுக்கச் சொன்னது அது. புரோகிதரே இல்லாமல் தன் பாட்டனை அழைக்கும் காணியிடம் அதைக் கொண்டுபோய் என்ன செய்வது?

அமெரிக்காவின் செரோக்கி மக்களிடமும் இதே தர்க்கம்தான். ஜேம்ஸ் மூனி 1900இல் வெளியிட்ட அவர்களது கதைத் தொகுப்பின்படி, தம்மை வரைமுறையின்றிக் கொன்ற மனிதர் மீது விலங்குகள் கூடிப் பேசி நோய்களை ஏவின. மன்னிப்புக் கேட்காத வேட்டைக்காரனுக்கு மான்களின் தலைவன் மூட்டுவாதம் கொடுத்தது. செடிகள் இரங்கி, ஆளுக்கொரு மருந்தாக வந்தன. பௌத்தத்தில் துக்கத்தின் வேர் வேட்கை. செரோக்கிக் கதையில் நோய், முறிந்துபோன உறவின் விளைவு. சாற்றுப்பாட்டு எனக்கு இந்த இரண்டாவதன் பக்கத்தில்தான் தெரிகிறது.

அந்த உறவை வெளியார் எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ஆரோக்கியப்பச்சை சாட்சி. 1987இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிகள் களைப்புத் தீர மென்ற காயைக் கண்டார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995இல் உரிமம் விற்கப்பட்டது. வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு என்று உலகமே பாராட்டியது. ஆனால் பிலாத்திகளில் சிலர், விற்பதற்குரிய அறிவு அல்ல இது என்று எதிர்த்தார்கள்.

நமக்குச் சங்கடம் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அகத்தியர்கூடத்தில் பெண்கள் மலையேறலாம் என்றது. அடுத்த ஜனவரியில் பெண்கள் ஏறியபோது, அகத்தியர் இருப்பிடத்தின் மரபு கெடுகிறது என்று காணிகள், பெண்களும் சேர்ந்து, போராடினார்கள். தீர்ப்பு சரி என்பதே என் நிலை. ஆனால் அந்தப் போராட்டத்தைச் சனாதனம் என்று ஒரே சொல்லில் தள்ளியவர்கள், காணிகளை ஆதி பௌத்தர் என்று மேடையில் கொண்டாடியவர்களும்கூட. பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை 1990இல்தான் கிடைத்தது. அதுவரை நம் மதத்தை அரசு எழுதிவைத்தது. காணியின் மதம் எது என்பதைக் காணிதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச ஒரு பிலாத்தியை அழைக்கும்படி அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.