பிள்ளைக்கு எலும்பு முறிவா? எத்தனை எக்ஸ்ரே தேவை?

பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே வீக்கம். கையைத் தொடவிடாமல் அழுகிறது. உம்மா கலங்கிப்போய் நிற்கிறார். வாப்பா முச்சக்கர வண்டி தேடி ஓடுகிறார். இந்த நேரத்தில் கதிர்வீச்சைப் பற்றி யாருக்கு நினைவு வரும்? வரவும் தேவையில்லை. வைத்தியர் பரிசோதித்துவிட்டு எழுதித் தரும் முதல் எக்ஸ்ரே அவசியமானது. அதற்குத் தயங்காதீர்கள். நாம் இங்கே பேசவிருப்பது, அதன் பிறகு எடுக்கப்படும் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது படங்களைப் பற்றி.

முதலில் வீண் பயத்தைப் போக்கிக்கொள்வோம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் நம் உடலுக்குக் கதிர்வீச்சு வந்துகொண்டேதான் இருக்கிறது. உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 2.4 மில்லி சீவேட். கையையோ பாதத்தையோ எடுக்கும் ஓர் எக்ஸ்ரேயில் கிடைப்பது ஏறத்தாழ 0.001 மில்லி சீவேட். அதாவது, சும்மா வீட்டில் இருந்தாலே சில மணி நேரத்தில் வந்து சேரும் அளவு. மணிக்கட்டுப் படத்துக்காக எந்தத் தாயும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உடலின் நடுப்பகுதிக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் படங்களுக்கு இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தேவைப்படலாம். வயிற்றுப் பகுதியை சீ.ரீ. ஸ்கேன் செய்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் இயற்கையாகக் கிடைக்கக்கூடியது ஒரே நாளில் சேர்ந்துவிடலாம். பிள்ளையின் உடற்கலங்கள் வேகமாகப் பிரிந்து வளர்பவை. பாதிப்பு வெளிப்படுவதற்கு அதன் முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. பெரியவர்களுக்கு வைக்கும் அளவிலேயே இயந்திரத்தை வைத்துச் சிறு பிள்ளையைப் படமெடுத்தால், தேவைக்கு மேல் கதிர் பாயும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை முதுகெலும்பு வளைவு கண்டறியப்பட்ட 5,573 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. வளைவு கூடுகிறதா என்று பார்ப்பதற்காக அவர்களுக்குச் சிறு வயதிலிருந்து ஆளுக்குச் சராசரியாக 25 எக்ஸ்ரேக்கள் எடுக்கப்பட்டிருந்தன. மார்பகப் புற்றுநோயால் இவர்களில் இறந்தவர்களின் தொகை, சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடுதலாக இருந்தது. அன்றைய இயந்திரங்கள் இன்றையவற்றைவிடப் பல மடங்கு கதிர் பாய்ச்சியவை என்பது உண்மை. இருந்தாலும், 'கொஞ்சம்தானே' என்று எடுத்த படங்கள் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரி, எந்தப் படத்தைத் தவிர்க்கலாம்?

பிள்ளைகளின் மணிக்கட்டில் மிகவும் சாதாரணமாக ஏற்படுவது 'புடைப்பு முறிவு'. எலும்பு இரண்டாக உடைவதில்லை. பப்பாசி இலைத் தண்டை மெல்ல மடக்கினால் ஒரு பக்கம் நெளிந்து புடைக்கிறதல்லவா, அதுபோலத்தான். இது இடம்பெயராது. பிரித்தானியாவில் 4 முதல் 15 வயது வரையான 965 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. இறுக்கமான தாங்கி போடப்பட்டவர்களுக்கும் வெறும் துணிக்கட்டுப் போடப்பட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் காணப்படவில்லை. இத்தகைய முறிவுக்கு ஆறியதா என்று பார்க்க மறு எக்ஸ்ரே வழமையாகத் தேவைப்படுவதில்லை.

காறை எலும்பும் அப்படித்தான். சில வாரங்களில் அந்த இடத்தில் ஒரு கட்டி தென்படும். "எலும்பு கோணலாக ஒட்டிவிட்டது, இன்னொரு படம் எடுங்கள்" என்று தாய்மார் அழுத்தம் கொடுப்பதுண்டு. அந்தக் கட்டி புதிதாக வளரும் எலும்பு. பிள்ளை வளர வளர அது தேய்ந்து சமப்படும். உண்மையில், வேண்டாத படங்களுக்கு வைத்தியர்களைவிட நமது அவசரமே காரணமாகும் வேளைகளும் உண்டு!

கணுக்கால் சுளுக்குக்கு 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் ஒரு விதியை வகுத்தார்கள். குறிப்பிட்ட எலும்பு இடங்களை அழுத்தும்போது வலி இல்லை, பிள்ளை நான்கு எட்டு நடக்கிறது என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்துகிறது. அவுஸ்திரேலியாவில் 270 பிள்ளைகளிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன்கை முறிவைக் கண்டறிய, கதிரே இல்லாத ஒலியலை ஸ்கேனை முதலில் பயன்படுத்தினார்கள். நான்கு வாரங்களின் பின் கை இயங்கும் விதம், எக்ஸ்ரே எடுத்த பிள்ளைகளுக்குச் சற்றும் குறைவாக இருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாப் படங்களையும் மறுத்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்த முன்கை எலும்பைச் சரிசெய்து பிளாஸ்டர் போட்ட பின்னர், முதல் இரண்டு வாரங்களில் அது மீண்டும் நழுவக்கூடும். நேரத்தோடு கண்டால் இலகுவாகத் திருத்தலாம், பிந்தினால் சத்திரசிகிச்சைதான். முழங்கை முறிவும் எலும்பு வளரும் தட்டில் ஏற்படும் முறிவும் இப்படிப்பட்டவையே. இங்கே படத்தைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. ஆகவே வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள்: "டொக்டர், இந்தப் படத்தில் ஏதும் மாற்றம் தெரிந்தால் வைத்தியம் மாறுமா?" மாறும் என்றால் உடனே எடுங்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார்.

இனி உங்கள் கையில் இருப்பவை. பழைய படத்தைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை படம் அலுமாரிக்கு மேலேயே கிடக்க, கிளினிக்குக்கு வெறுங்கையோடு போய், அதே கையை மறுபடியும் எடுக்க நேர்ந்தது. அந்த ஒரு படம் முழுக்க முழுக்க எங்கள் கவனயீனத்துக்காக எடுத்தது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போனாலும் படத்தைக் கொண்டு போங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அவரிடம் போனதை மறைக்காதீர்கள். கட்டுப் போட்ட பின் விரல்கள் நீலித்தால், விறைத்தால், வலி கூடிக்கொண்டே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

படம் எடுக்கப் போகுமுன் அந்தப் பகுதியிலுள்ள காப்பு, தாயத்து, உலோகப் பொத்தான் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவற்றின் நிழல் விழுந்தால் மறுபடம்தான். பிள்ளை அசைந்தாலும் அப்படியே. வலி மருந்து கொடுத்துவிட்டு எடுக்கலாமா என்று கேளுங்கள். "சும்மா ஃபோட்டோதான் மகன், வலிக்காது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி அழுகை அடங்கிவிடும்.

முன்பெல்லாம் இடுப்புப் படமெடுக்கும்போது பிள்ளையின் இனவிருத்தி உறுப்புகளை ஈயத் தகட்டால் மறைப்பது வழக்கம். அது இல்லையென்றால் இன்று பதறாதீர்கள். தகடு பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடுகிறது, சில இயந்திரங்களைக் கதிரைக் கூட்டவும் வைக்கிறது என்பதால், வழமையாக அதைப் போடுவதைக் கைவிடுமாறு அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் 2019இல் அறிவுறுத்தியது. தேவையான இடத்தை மட்டும் குறுக்கி எடுப்பதே அதைவிடச் சிறந்த காப்பு.

பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உள்ளே வரவேண்டுமென்றால் அவருக்கு ஈய அங்கி தேவை. கர்ப்பிணியான உம்மா உள்ளே போகக்கூடாது. கர்ப்பமாக இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தாலும் போக வேண்டாம். வெட்கப்படாமல் அங்குள்ள ஊழியரிடம் சொல்லிவிட்டு, வாப்பாவையோ மாமியையோ அனுப்பிவையுங்கள்.