பந்தல் திராட்சைக்கு வெள்ளைக் களிமண் பூச்சு

தை மாதம் கவாத்து செய்த பன்னீர் திராட்சை சித்திரை வெயிலில்தான் நிறம் மாறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இது எல்லோருக்கும் தெரிஞ்ச கணக்கு. மாலை வெயில் சாய்வாக அடிக்கிற மேற்கு ஓரத்துப் பந்தலில் கொத்தின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறிச் சுருங்கிப் போகும். வியாபாரி அந்த ஒரு பக்கத்தை வைத்தே மொத்தப் பந்தலுக்கும் விலை பேசுவார். இதற்கு நான் பயன்படுத்துவது கயோலின் என்கிற வெள்ளைக் களிமண். தண்ணீரில் கரைத்து இலை மேல் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கே, எப்போது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் கொடிக்கு என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நாம் வியர்த்துக் குளிர்வது மாதிரி, இலை தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர வைத்துக் கொள்கிறது. வெயில் 35 டிகிரியைத் தாண்டி, வேரில் ஈரமும் குறைந்தால், இருக்கிற தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக் கொள்ளும். மூடினால் ஆவி போகாது. இலை இன்னும் சூடாகும். காற்றும் உள்ளே வராததால் உணவு தயாரிப்பும் நின்று போகும். பழத்தின் நிலைமை இன்னும் மோசம். அதற்கு வியர்க்கிற வசதி ரொம்பக் குறைவு. நேர் வெயில் பட்டால் காற்றின் வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல்கூட பழத்தோல் சூடாகும்.

கயோலின் பூச்சு வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஓட்டு வீட்டு மாடியில் வெள்ளை அடிப்பது மாதிரிதான். படலம் நுண்துளைகளோடு இருப்பதால் இலை மூச்சு முட்டாது. அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 1990-களில் ஆப்பிள், பேரி தோட்டங்களில் பூச்சிகளைத் தடுக்கத்தான் இதை முதலில் கொண்டு வந்தார்கள். வெயில் காப்பாகவும் வேலை செய்யுது என்பது பிறகு பிடிபட்டது. கடும் கோடை அடிக்கிற போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் 5 சதவீதக் கரைசலைத் திராட்சைக்குத் தெளித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் ஊரிலும் வறட்சி காலத்தில் பயிர்களுக்கு 3 சதவீதம் கயோலின் தெளிக்கச் சொல்லும் பரிந்துரை பழையதுதான்.

சுண்ணாம்பும் வெள்ளைதானே, அதை அடிச்சா ஆகாதான்னு கேட்பார்கள். ஆகாது. தண்டில் பூசலாம், இலையில் அதன் காரம் எரித்துவிடும். கயோலின் காரமும் இல்லை, அமிலமும் இல்லை. மாவு மாதிரி நைசாக, மணல் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். சான்றிதழ் எடுத்தவர்கள் லேபிளை ஆய்வாளரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது.

லிட்டருக்கு 50 கிராம் என்றால் 5 சதவீதம்; 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 10 கிலோ களிமண். வாளியில் கொஞ்சம் தண்ணீரில் தூவி ஊறவிட்டு, கூழாகக் கலக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். நிறுத்தினால் அடியில் தங்கிவிடும். டேங்கை ஆட்டிக்கொண்டே தெளிக்க வேண்டும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் போதும். தூள் கொட்டும்போது மூக்கில் துண்டு கட்டிக்கங்க. போர்டோ கலவையோடும் கந்தகத்தோடும் கலக்க வேண்டாம். படலம் சரியாகப் பிடிக்காது.

இப்ப பந்தல்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. நாம் எதைத் தெளித்தாலும் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்துதான் தெளிக்கிறோம். அடிச்சாம்பல் நோய்க்கு அது சரி. களிமண்ணுக்கு அது தலைகீழ். திராட்சை இலைக்குத் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன; வெயில் விழுவதோ மேல்பக்கத்தில். கீழே இருந்து அடித்தால் துளை இருக்கிற பக்கத்திலும் கொத்திலும் மண் படியும், மேல் இலை வெறுமனே கிடக்கும். நீளமான லான்ஸ் குழாயை ஏணி மேல் நின்று பந்தலுக்கு மேலே நீட்டி, மெல்லிய பனி மாதிரி விட வேண்டும். ஆள் கூலி கூடத்தான் செய்யும். அதனால் பந்தல் முழுக்க அடிக்காமல் மேற்கு ஓரத்து இரண்டு வரிசைக்கும், இலை அடர்த்தி இல்லாத இடங்களுக்கும் மட்டும் அடித்தாலே போதும் என்பது என் கருத்து.

காய் பட்டாணி அளவில் இருக்கும்போதே, கடும் வெயிலுக்கு முன்னால், காலை நேரத்தில் முதல் தெளிப்பு. காய்ந்த பிறகு இரண்டாவது. பலத்த மழை கழுவினாலோ புது இலை நிறைய வந்தாலோ மறுபடி. நிறம் மாறத் தொடங்கியதும் கொத்துப் பக்கம் போகவே கூடாது. ஒயின் திராட்சையில் கறை இருந்தால் பரவாயில்லை. நம்முடையது தின்கிற பழம். காம்பு இடுக்கில் தங்கிய வெள்ளையைத் தேய்த்துக் கழுவினால் பழத்தின் மேலிருக்கும் இயற்கையான மெழுகுப் பொடியும் போய்விடும். பழைய பழம் என்று விலையைக் குறைப்பார்கள்.

தண்ணீர் நன்றாக இருந்து, வானம் மேகமாக இருக்கிற நாளில் இந்தப் பூச்சு நட்டம்தான். தேவையான வெளிச்சத்தையும் அது தடுக்கும். ஆகவே மழைக்காலப் போகத்துக்கு இதை நான் தொடுவதில்லை. மூடாக்கும் பாசனமும் இல்லாத பந்தலைக் களிமண் காப்பாற்றாது. வேரில் ஈரம் இருந்தால்தான் மேலே பூசியது பலன் தரும்.

உங்கள் பந்தலில் நாலு கொடியைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு இலையையும் கையால் தொட்டால் வித்தியாசம் தெரியும். தெளித்து முடித்த அன்றே டேங்கையும் நாசிலையும் கழுவி வையுங்கள். காய்ந்தால் அடைத்துக் கொள்ளும்.