இல்லறத்தில் நன்றியறிதல்: யூத அறநூற் கருத்து

செய்ந்நன்றியறிதலைப் பேரறமாகப் போற்றுஞ் சமயங்களுள் யூத சமயமும் ஒன்றாகும். எபிரேய மொழியில் அதனை 'ஹக்காரத் ஹத்தோவ்' என்பர். நன்மையைக் கண்டுணர்தல் என்பது அதன் பொருள். இவ்வறம் முதற்கண் இல்லத்திலேயே பயிலப்படவேண்டும் என்பது யூத அறிஞர் துணிபு.

மணநாளில் மணமகளுக்கு அளிக்கப்படும் 'கெத்துபா' என்னும் மணமுறி, அவளை மதித்தலும் உணவளித்துக் காத்தலும் கணவன் கடன் என உறுதி கூறுகின்றது. ஆயின் முறியில் எழுதக்கூடியது கடமையேயன்றி அன்பன்று. ஆதலின், கி. பி. 500 அளவில் தொகுக்கப்பெற்ற பாபிலோனியத் தல்மூது, மனைவியைத் தன்னைப்போல் நேசித்துத் தன்னினும் மேலாக மதிப்பவனைப் புகழ்கின்றது. 12ஆம் நூற்றாண்டினரான மைமோனிடிஸ் இதனைத் தமது சட்டத்தொகுப்பிலும் சேர்த்தார்.

குறையில்லாத துணையைப் பாராட்டல் எளிது. குறையுள்ளவிடத்துச் செய்யத்தக்கது யாது? இரபி ஹிய்யாவின் மனைவி அவரை ஓயாது வருத்துவாள். எனினும் நல்ல பொருள் யாதேனுங் கிடைப்பின் அவர் அதனை மேலாடையில் முடிந்து அவளுக்குக் கொணர்வார். இதனைக் கண்டு வியந்த மருகர் ரப் என்பாரிடம், மனைவியர் மக்களை வளர்ப்பதும் தம்மைப் பாவத்தினின்று காப்பதுமே போதும் என விடையிறுத்தார்.

கற்றோர்க்குரிய இரு கதைகளும் தல்மூதில் வருகின்றன. மேய்ப்பராயிருந்த அக்கிபாவைக் கல்வி கற்கவேண்டும் என்னும் உடன்பாட்டுடன் மணந்து, அதனால் தந்தையின் செல்வத்தையும் இழந்தவள் அவர் மனைவி. 24 ஆண்டுகளின் பின் 24,000 மாணவரோடு அவர் மீண்டபோது, எளிய கோலத்தில் வந்த அவளை மாணவர் விலக்க முற்பட்டனர். தம் கல்வியும் அம்மாணவர் கல்வியும் அவளுடையனவே எனக் கூறி அவர் அவர்களைத் தடுத்தார். மற்றொருவரான ரப் ரெஹுமி, ஆண்டுக்கொருமுறை, பாவநிவாரண நாளின் முன்மாலையில் மட்டும் இல்லம் வருபவர். ஓராண்டு கல்வியில் ஆழ்ந்து அந்நாளையும் மறந்தார். காத்திருந்த மனைவி கண்ணீர் உகுத்தாள்; அக்கணமே அவர் அமர்ந்திருந்த கூரை இடிய, வீழ்ந்து மாண்டார் என்பது கதை.

இருவரும் கல்வியின் பொருட்டே பிரிந்திருந்தனர். அக்கிபாவின் பிரிவு மனைவியின் இசைவோடு நிகழ்ந்தது. அவள் செய்த நன்றியையும் அவர் பலரறியக் கூறினார். ரெஹுமியோ கொடுத்த ஒரு நாளையும் மறந்தார். அம்மறதியே இங்குக் குற்றமாகக் கொள்ளப்பட்டது.

வெள்ளி மாலைதோறும், ஓய்வுநாள் விருந்தின் முன், நீதிமொழிகள் நூலின் இறுதியிலுள்ள 22 அடிகளைக் கொண்ட மனைமாட்சிப் பாடலை யூத இல்லங்கள் பலவற்றிற் பாடுவர். வாரந்தோறும் ஒருமுறையேனும் இல்லாளின் உழைப்பை அவள் கேட்க நினைவுகூர்தற்கு இவ்வழக்கம் இடமளிக்கின்றது.